பகல் கொள்ளைக்கு ஜன்னல் எதற்கு?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். யானை விலை, குதிரை விலையைச் சொல்லும் ஆங்கில மரபுத்தொடர்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆவலோடு படித்தேன். 20 வருடமாக ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பவள் என்பதால் ஒரு விஷயம் மனதை உறுத்துகிறது.

'டேலைட் ராபரி' (பகல் கொள்ளை) இங்கிலாந்தின் ஜன்னல் வரியில், அதாவது வீட்டு ஜன்னல்களை எண்ணி வாங்கிய வரியில் பிறந்தது என்று கட்டுரை சொல்கிறது. வரி உண்மைதான். 1696-இல் வந்தது, 1851-இல் எடுத்தார்கள். அதற்குப் பயந்து ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்த வீடுகளும் உண்டு. ஆனால் அநியாய விலை என்ற பொருளில் இந்தத் தொடர் அச்சில் தலைகாட்டுவது 20-ஆம் நூற்றாண்டில்தான். அதற்குள் வரி ஒழிந்து அரை நூற்றாண்டு தாண்டிவிட்டது. இருட்டில் திருடுகிறவனுக்காவது பிடிபடுவோமோ என்ற பயம் இருக்கும். பட்டப்பகலில் பிடுங்குகிறவனுக்கு அதுவும் கிடையாது. நாம் வயிறெரிந்து 'பகல் கொள்ளை' என்பதும் இதைத்தானே?

கை கால் வரைய ஓவியர்கள் கூடுதல் காசு கேட்டதால் 'ஆன் ஆர்ம் அண்ட் எ லெக்' (ஒரு கையும் ஒரு காலும், அதாவது மிக அதிக விலை) வந்தது என்பதும் கட்டுக்கதையே. கேமரா வந்து வெகுகாலம் கழித்து, 20-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் புழங்கத் தொடங்கிய தொடர் அது.

நிஜ வரலாறு இருப்பது 'கிங்ஸ் ரேன்சம்' (அரசரின் மீட்புப் பணம், அதாவது பெருந்தொகை) தொடருக்கு. அதைப் போய் ஒரே வரியில் தாண்டிவிட்டீர்களே! போரில் பிடிபட்ட அரசரை மீட்கக் கொடுத்த பணம் அது. சிலுவைப் போரிலிருந்து திரும்பும் வழியில் இங்கிலாந்தின் முதலாம் ரிச்சர்ட் மன்னர் 1192-இல் வியன்னா அருகே பிடிபட்டார். கேட்ட தொகை 1,50,000 மார்க் (அன்றைய எடை அளவு) வெள்ளி. குடிமக்களின் வருமானத்தில் நாலில் ஒரு பங்கு, தேவாலயங்களின் வெள்ளிப் பாத்திரங்கள் என்று நாட்டையே வழித்தெடுத்து, பெரும்பகுதியைக் கட்டிய பிறகுதான் 1194-இல் விட்டார்கள்.

கதை ஒட்டிக்கொள்கிற அளவுக்குத் தொடரின் பயன்பாடு பிள்ளைகள் மனதில் ஒட்டுவதில்லை. போன வாரம் ஒரு மாணவி 'பே த்ரூ தி நோஸ்' (மூக்கு வழியே கொடுப்பது, அதாவது அநியாய விலை கொடுப்பது) தொடருக்கு, வரி கட்டாதவர்களின் மூக்கை அறுத்த கதையை முக்கால் பக்கம் எழுதியிருந்தாள். (அதற்கும் ஆதாரம் கிடையாது.) கீழே எடுத்துக்காட்டு: 'தி போன் பெய்ட் த்ரூ தி நோஸ்', போனே பணம் கொடுத்த மாதிரி! பணம் கொடுப்பவர்தான் அந்தத் தொடருக்கு எழுவாய். பொருளைச் சொல்வதென்றால் 'காஸ்ட் ஆன் ஆர்ம் அண்ட் எ லெக்'. சரி, திருத்திக் கொடுத்தேன். "கதை மட்டும்தான் மிஸ் படிச்சேன்" என்றாள்.

அடுத்த இதழில் ஜன்னல் வரிக்கு ஒரு திருத்தமும், ஒவ்வொரு தொடருக்கும் இரண்டு எடுத்துக்காட்டு வாக்கியங்களும் போடுங்கள். வகுப்பில் அப்படியே படித்துக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓர் ஆங்கில ஆசிரியை