கையெழுத்து போடத் தெரியும், கணக்குப் பார்க்கக் கற்றுக்கொடுங்கள்

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும் பள்ளிக் கல்வித் துறை அதிகாரிகளுக்கும்,

வணக்கம். கொடைக்கானல் மேல்மலையில் அரசுப் பள்ளியில் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் தாய் நான். பள்ளி மேலாண்மைக் குழுவிலும் இருக்கிறேன். சென்ற வாரம் கொடைக்கானலில் எங்களுக்கு நடந்த பயிற்சியைப் பற்றி உங்களுக்கு அறிக்கை வந்திருக்கும். வந்தவர்களின் எண்ணிக்கையும் புகைப்படமும் அதில் இருக்கும். அதில் இல்லாததை நான் சொல்கிறேன்.

மன்னவனூர், கவுஞ்சி, கிளாவரைப் பக்கத்திலிருந்து அங்கே வர விடியும் முன்பே பஸ் ஏற வேண்டும். பூண்டுக் காட்டில் களையெடுப்பு நேரம். அன்றைய கூலியை விட்டு, கைப்பிள்ளையை மாமியாரிடம் விட்டுத்தான் பெண்கள் வந்தார்கள். பயிற்சி தொடங்கவே பதினொன்றரை ஆகிவிட்டது. முதலில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கினார்கள். அப்புறம் ஒரு கையேட்டைப் பக்கம் பக்கமாக வாசித்தார்கள். என் பக்கத்தில் இருந்த அம்மா எழுந்து, "பள்ளிக்கு வருகிற பணத்தை எதற்கெல்லாம் செலவு பண்ணலாம், ரசீதை எப்படிச் சரிபார்ப்பது?" என்று கேட்டார். "அதெல்லாம் தலைமையாசிரியர் பார்த்துக்கொள்வார், நீங்கள் கையெழுத்து போட்டால் போதும்" என்று பதில் வந்தது. அந்த அம்மா அதற்குப் பிறகு வாயே திறக்கவில்லை. சாப்பாடு, புகைப்படம், அவ்வளவுதான். பஸ்ஸைப் பிடிக்க ஓடினோம்.

2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் அப்படிச் சொல்லவில்லையே. குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்கிறது. பள்ளி வளர்ச்சித் திட்டம் போடுவதும், மானியம் எப்படிச் செலவாகிறது என்று கண்காணிப்பதும் எங்கள் பொறுப்பு என்கிறது. பொறுப்பைக் கொடுத்துவிட்டு வழியைக் காட்டாவிட்டால் நாங்கள் எதைக் கண்காணிப்பது?

எங்களுக்குப் புரியாது என்று யாரும் முடிவு செய்ய வேண்டாம். சுயஉதவிக் குழுவில் யார் எவ்வளவு கட்டினார், யார் கடன் பாக்கி என்று நோட்டைப் பார்க்காமலே சொல்லும் பெண்கள் இவர்கள். அதனால் கேட்கிறோம்: பயிற்சியை எங்கள் ஊருக்கே கொண்டுவாருங்கள். காட்டு வேலை முடிந்த மாலையில் நடத்துங்கள். எங்கள் பள்ளியின் வரவு செலவு நோட்டையும் பாஸ்புக்கையும் எங்கள் முன்னால் விரித்துவைத்துச் சொல்லிக்கொடுங்கள். எழுத்து வாசிக்கத் தெரியாத பெற்றோரும், பளியர் பழங்குடிக் குடியிருப்புகளிலிருந்து வருகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் கையேட்டைக் கொடுத்துவிட்டுப் போனால் போதுமா?

பள்ளியோடு இது நிற்கவில்லை. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு, அதாவது இந்த மண்ணின் பொருள் என்ற சட்ட அடையாளம், கிடைத்தது. பெருமைதான். ஆனால் அந்தக் குறியீட்டைப் போட்டு விற்க விவசாயி தன் பெயரைப் பதிவு செய்ய வேண்டும் என்பதே எங்கள் தெருவில் பலருக்குத் தெரியாது. விதை, கூலி, லாரி வாடகை, கமிஷன் எல்லாம் சேர்த்து ஒரு கிலோவுக்கு என்ன அடக்கம் என்று எழுதிப் பார்க்காமல்தான் வடுகபட்டிப் பூண்டுச் சந்தைக்கு மூட்டை ஏற்றுகிறோம். அங்கே சொல்கிற விலைதான் விலை. கணக்கு தெரியாததால் ஆண்டுதோறும் நாங்கள் இழப்பது எவ்வளவு என்று யாராவது கேட்டதுண்டா? மே மாதம் மலர்க் கண்காட்சி வந்தால் சாலை, தண்ணீர், வண்டி நிறுத்தும் இடம் என்று அதிகாரிகள் அடுத்தடுத்து மலையேறுகிறார்கள். ஏரியைத் தாண்டி மேல்மலைக்கும் அதே அக்கறையோடு வாருங்கள். வரியும் வாக்கும் நாங்களும் தருகிறோம்.

கோபம் கொஞ்சம் கூடிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது ஒன்றுதான். பயிற்சியை எங்கள் ஊருக்குக் கொண்டுவாருங்கள். அடுத்த கிராம சபைக்கு முன் ஒரே ஒரு ஊரிலாவது தொடங்குங்கள். வகுப்பறையைத் திறந்து வைக்கிறோம். வருகிறவர்கள் இரவு தங்க இடமும் சாப்பாடும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். தேதியை மட்டும் தயவுசெய்து முன்கூட்டியே சொல்லி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
மேல்மலையிலிருந்து,
பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர் ஒருவர்