சிசேரியன் சதவீதத்தை வைத்து மருத்துவரை எடைபோட முடியுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

மகப்பேறு மருத்துவர்களின் தரம் பற்றிப் பேச்சு வந்தாலே, முதலில் கேட்கப்படுவது ‘அங்கே சிசேரியன் எத்தனை சதவீதம்?’ என்பதுதான். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் நூற்றுக்கு 45 பிரசவங்கள் சிசேரியன். அரசு மருத்துவமனைகளில் 36, தனியாரில் 64. கவலை தரும் எண்கள்தான். ஆனால் சிக்கலான கர்ப்பிணிகளைச் சுற்றுவட்டார சுகாதார நிலையங்களெல்லாம் 108-இல் ஏற்றி அனுப்புகிற மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சதவீதம் கூடத்தான் செய்யும். அதற்காக அங்குள்ள மருத்துவரைக் குறை சொல்வது அநியாயம்.

சரியாக அளக்க வழி இருக்கிறது. மைக்கேல் ராப்சன் என்ற மருத்துவர் 2001-இல் வெளியிட்ட பத்துப் பிரிவு முறையை, 2015-இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. தலைப்பிரசவமா, பழைய சிசேரியன் தழும்பு உண்டா, குழந்தை ஒன்றா இரட்டையா, தலை கீழே இருக்கிறதா, 37 வாரம் முடிந்ததா, வலி தானாக வந்ததா? இந்த ஆறுக்கும் பதில் தெரிந்தால் ஒவ்வொரு தாயும் ஏதேனும் ஒரு பிரிவில் வந்துவிடுவார். ஆறும் கேஸ் ஷீட்டிலேயே இருப்பவை.

தலைப்பிரசவம், ஒரே குழந்தை, தலை கீழே, மாதம் நிறைந்து வலி தானாக வந்தவர்கள் முதல் பிரிவு. இதில் சிசேரியனை 10 சதவீதத்துக்குள் வைக்க முடியும். மருத்துவரின் பொறுமையும் பிரசவ அறையின் கவனிப்பும் தெரிவது இங்கேதான். 30, 40 என்று ஏறியிருந்தால், ‘பிரசவம் முன்னேறவில்லை’ என்று எழுதிய நேரத்தில் கருப்பை வாய் எத்தனை செ.மீ. திறந்திருந்தது என்று பார்க்க வேண்டும். 3 செ.மீ. என்றால் அவசரப்பட்டிருக்கிறார்கள், முழுவேகப் பிரசவ வலியின் தொடக்கமாக உலக சுகாதார நிறுவனம் 2018 முதல் 5 செ.மீ.யைத்தான் கொள்கிறது. இங்கே தேவையில்லாமல் வைத்த கத்தி, அடுத்த பிரசவத்தில் தழும்புள்ளவர்களின் ஐந்தாம் பிரிவில் வந்து நிற்கும்.

பத்துப் பிரிவுகளின் எண்களையும் அட்டவணையாகப் போட்டால், பதிவுப் பிழையையும் அதுவே காட்டிக்கொடுக்கும். குழந்தை குறுக்கே கிடக்கும் ஒன்பதாம் பிரிவில் சிசேரியன் 100 சதவீதமாகத்தான் இருக்க வேண்டும்; 90 என்று வந்தால் யாரையோ தவறான பிரிவில் எழுதியிருக்கிறார்கள். முன்பு சுகப்பிரசவம் ஆகி, இப்போது வலி தானாக வந்த மூன்றாம் பிரிவில் 3 சதவீதத்தைத் தாண்டினால், மருத்துவரைக் கேட்கும் முன் பதிவேட்டைப் புரட்டுங்கள். பெரும்பாலும் தழும்புள்ள சிலர் அங்கே கலந்திருப்பார்கள்.

தனி மருத்துவர் பெயரில் கணக்கெடுப்பதில் இன்னொரு தப்பும் நடக்கிறது. வலி வரவழைக்க மருந்து வைப்பது பகலில் பணியிலிருக்கும் யூனிட், அதாவது மருத்துவர் குழு. நள்ளிரவில் அறுவை செய்வது டியூட்டி மருத்துவர். பதிவேட்டில் ஏறுவது அவர் பெயர். யூனிட் வாரியாக எடுப்பதே நியாயம். அதையும் ஆண்டுக்கணக்கில் எடுக்க வேண்டும். மாதம் 20 பேர் வரும் பிரிவில் இரண்டு அறுவை கூடினாலே 10 சதவீதம் 20 ஆகிவிடும்.

சிசேரியன் குறைந்ததை மட்டும் பாராட்டுவது ஆபத்து. குழந்தையின் இதயத் துடிப்பு இறங்கும்போதும் காத்திருக்கத் தூண்டும். சிக்கலானவர்களை வேறு மருத்துவமனைக்குத் தள்ளிவிடவும் தூண்டும். அதனால் ஒவ்வொரு பிரிவின் பக்கத்திலும் பிறந்த ஐந்தாம் நிமிடத்தில் குழந்தையின் நிலையைப் பத்துக்கு அளக்கும் ஆப்கார் மதிப்பெண் 7-க்குக் குறைந்த குழந்தைகள், பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனவர்கள், ஒரு லிட்டருக்கு மேல் ரத்தம் இழந்த தாய்மார்கள், ஆசனவாய்த் தசைவரை கிழிந்தவர்கள், பிரசவ வலியோடு வெளியே அனுப்பப்பட்டவர்கள் ஆகிய எண்ணிக்கைகளும் இருக்க வேண்டும்.

அரசு, தனியார் என்ற பேதமில்லாமல் எல்லா மருத்துவமனைகளும் இந்த அட்டவணையை ஆண்டுதோறும் வெளியிடச் சுகாதாரத் துறை உத்தரவிட வேண்டும். பத்திரிகைகளும் மொத்தச் சதவீதத்துக்குப் பதிலாக முதல் பிரிவின் எண்ணைக் கேட்டு வாங்கிப் போடுங்கள்.

இப்படிக்கு,
மகப்பேறு மருத்துவர்கள் சிலர்