சீருடையில் வந்த இரண்டாவது ஆள்

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து பதினோரு நாள் ஆகிறது. படித்த அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன், முடியவில்லை. அக்காவுக்குக் கண்புரை அறுவைச் சிகிச்சை நடந்ததால் வீட்டில் ஒரே ஓட்டம். வேளை தவறாமல் சொட்டு மருந்து போடுகிற வேலை என்னுடையது. இப்போது நன்றாகப் பார்க்கிறாள். கட்டைப் பிரித்ததும் என்னைப் பார்த்து அவள் முதலில் கேட்டது, “ஏன்டா இப்படி இளைச்சுட்டே?” என்றுதான். சின்னவள் வேலையில் சேர்ந்துவிட்டாள். என் மூட்டு வலி அப்படியேதான் இருக்கிறது. சரி, செய்திகள் போதும், உன் கடிதத்தின் கடைசிப் பக்கத்துக்கு வருகிறேன்.

நம் வகுப்பு நண்பர்கள் கூடிய அன்று நான் மருத்துவமனையில் இருந்தேன். நீயாவது போயிருப்பாய் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். காய்ச்சல் என்று எல்லாரிடமும் சொன்னாயாம். ஆனால் நடந்தது வேறு என்று எனக்கு மட்டும் எழுதியிருக்கிறாய். கட்டிலில் நான்கு சட்டைகளை விரித்து வைத்து, ஒவ்வொன்றாகப் போட்டுப் போட்டுக் கழற்றி, ஒன்று பழசாகத் தெரிய, இன்னொன்று பகட்டாகத் தெரிய, கடைசியில் கிளம்பவே இல்லை என்று. “ஐம்பது வயது தாண்டியவன் எவனாவது சட்டைக்காக வீட்டில் உட்கார்ந்திருப்பானா?” என்று கேட்டிருந்தாய்.

உட்கார்ந்திருப்பான். நானும் உட்கார்ந்திருக்கிறேன். ஆண்கள் இதை வாய்விட்டுச் சொல்வதில்லை, அவ்வளவுதான். இதுவரை உன்னிடம் சொல்லாத ஒன்றை இப்போது சொல்கிறேன்.

நாற்பத்து நான்கு வயதில் வேலை மாறினேன் அல்லவா, அந்தப் புது அலுவலகத்தில் எல்லாரும் என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது சின்னவர்கள். டி-ஷர்ட், ஜீன்ஸ், வெள்ளை கேன்வாஸ் ஷூ. நான் வழக்கம்போல இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையை டக் இன் செய்துகொண்டு போய் நின்றேன். முதல் நாளே மேலதிகாரி ஒருவர், “என்ன சார், இன்டர்வியூவுக்கு வந்த மாதிரி இருக்கீங்க?” என்று சிரித்துவிட்டுப் போனார். அவர் அதை அடுத்த நிமிடமே மறந்திருப்பார். நான் எட்டு மாதம் சுமந்தேன்.

அந்த வாரமே அவர்கள் போடுவது மாதிரி நாலைந்து வாங்கினேன். இனி நிம்மதி என்று நினைத்தேன், ஆனால் வேறொரு பயம் வந்து உட்கார்ந்தது. இந்த வயதில் இளைஞன் வேஷம் போடுகிறான் என்று நினைப்பார்களோ? பழைய சட்டையில் இருந்த அதே உறுத்தல் புதுச் சட்டையிலும் இருந்தது. கோளாறு துணியில் இல்லையோ என்று முதன்முதலாக எனக்குச் சந்தேகம் வந்தது அப்போதுதான்.

நான் என்னவெல்லாம் செய்துகொண்டிருந்தேன் என்று கேள். உள்ளே நடந்து வருவதை யாரும் பார்க்கக் கூடாது என்று எல்லாருக்கும் முன்னால் போய் உட்கார்ந்துகொள்வேன். நிற்க வேண்டி வந்தால் ஒரு ஃபைலை வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொள்வேன். குழுவாகப் படம் எடுத்தால் ஓரமாகப் போய் நிற்பேன். கண்ணாடிக் கதவு ஒவ்வொன்றிலும் காலரைப் பார்த்துக்கொள்வேன். ஒருநாள் கூட்டத்தில் எனக்கு மிக நன்றாகத் தெரிந்த ஒரு விஷயம் பேச்சுக்கு வந்தது. இருபது வருடம் அதிலேயே ஊறியவன் நான். “நீங்க என்ன நினைக்கிறீங்க?” என்று கேட்டார்கள். என்னிடம் பதில் இல்லை. அவர்கள் பேசியது எதுவும் என் காதில் விழவில்லை. அவ்வளவு நேரமும் மனம் சட்டையிலேயே இருந்தது. அன்று இரவு தூக்கம் வரவில்லை.

இதைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தது அதன் பிறகுதான். டேவிட் கிளார்க், ஏட்ரியன் வெல்ஸ் என்று இரண்டு உளவியலாளர்கள் 1995-இல் இந்த மாதிரிக் கூச்சத்தையும் பயத்தையும் விளக்கி எழுதியிருக்கிறார்கள். பயம் வந்ததும் நம் கவனம் வெளியே இருப்பவர்களை விட்டுவிட்டு நமக்குள்ளேயே திரும்பிவிடுகிறது. அடுத்தவர் கண்ணுக்கு நாம் எப்படித் தெரிகிறோம் என்று ஒரு படத்தை நாமே மனதில் வரைந்துகொண்டு, அதையே நிஜம் என்று நம்பிவிடுகிறோம். ஃபைலை அணைத்துப் பிடிப்பது, ஓரமாக நிற்பது, வராமலே இருந்துவிடுவது எல்லாம் அப்போதைக்குத் தப்பிக்க உதவும். ஆனால் நாம் பயந்தது நடக்குமா நடக்காதா என்று தெரிந்துகொள்ளும் வாய்ப்பே போய்விடும். அதனால் பயம் வளர்ந்துகொண்டே போகும். படித்தபோது என்னைப் பக்கத்தில் இருந்து பார்த்து எழுதியது போல இருந்தது. அன்று மாலை வீட்டிலேயே இருந்துவிட்டாயே, உனக்கு முதல் அரைமணி நேரம் நிம்மதியாகவும், அப்புறம் இரவெல்லாம் வேதனையாகவும் இருந்திருக்கும். சரிதானே?

அமெரிக்காவில் தாமஸ் கிலோவிச் என்பவரும் இன்னும் இருவரும் கல்லூரி மாணவர்களை வைத்துச் செய்த சோதனை ஒன்று 2000-இல் வெளியானது. போட்டுக்கொள்ளவே மாணவர்கள் வெட்கப்படும் ஒரு பாடகரின் முகம் பெரிதாக அச்சிட்ட டி-ஷர்ட்டை ஒருவரிடம் கொடுத்து, அதைப் போட்டுக்கொண்டு மற்றவர்கள் உட்கார்ந்திருக்கும் அறைக்குள் போகச் சொன்னார்கள். வெளியே வந்ததும், எத்தனை பேர் அந்தப் படத்தைக் கவனித்திருப்பார்கள் என்று கேட்டார்கள். போட்டவர்கள் ஏறக்குறைய பாதிப்பேர் என்றார்கள். உண்மையில் கவனித்தது ஏறக்குறைய கால்வாசிப்பேர்தான். இதில் இன்னொன்றுதான் எனக்குப் பிடித்தது. அறைக்குள் போகும் முன் சிறிது நேரம் அந்தச் சட்டையோடு பழக விட்டால், இத்தனை பேர் கவனித்திருப்பார்கள் என்ற கணக்கு அவர்கள் மனதிலேயே குறைந்துவிட்டது. அறையில் இருந்தவர்களுக்கு எந்த வித்தியாசமும் இல்லை, போட்டவருக்குத்தான்.

இதை நானே சோதித்துப் பார்த்தேன். கூட்டம் முடிந்து இருக்கைக்கு வந்ததும், எதிரே இருந்த மூன்று பேர் என்ன உடையில் இருந்தார்கள் என்று எழுதிப் பார்த்தேன். ஒரு மணி நேரம் அவர்களைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன், ஒருவருடைய சட்டை நிறம்கூட உறுதியாக வரவில்லை. இன்னொரு வாரம், திங்கள் போட்ட பழுப்புச் சட்டையையே செவ்வாயும் போட்டுக்கொண்டு போனேன். அப்படிப் போக எனக்கு எவ்வளவு தைரியம் வேண்டியிருந்தது என்று உனக்குப் புரியும். மாலையில் பக்கத்து இருக்கைப் பையனிடம், “நேற்று நான் என்ன கலர் போட்டிருந்தேன்?” என்று கேட்டேன். அவன் கொஞ்சம் யோசித்து, “நீலமா சார்?” என்றான்.

அதற்காக எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிடவில்லை. ஃபைலைப் பையில் வைத்துவிட்டுக் கையை வீசிக்கொண்டு நடந்த முதல் வாரம் நெஞ்சு படபடவென்று அடித்தது. இரண்டாவது வாரமும் அடித்தது. மூன்றாவது வாரத்தில்தான் கொஞ்சம் அடங்கியது. யாராவது பேசும்போது மனம் காலருக்கு ஓடினால், பேசுபவரின் குரலைக் கவனமாகக் கேட்டு அதைத் திருப்பிக் கொண்டுவருவேன். நாளைக்கு என்ன போடுவது என்பதை முந்தின இரவே முடிவுசெய்துவிடுவேன், காலையில் மாற்றுவதில்லை. புதுச் சட்டை என்றால் வீட்டில் ஒரு பகல் முழுக்கப் போட்டிருந்துவிட்டுத்தான் வெளியே போட்டுப் போவேன். அந்த மாணவர்களிடமிருந்து கற்றது அது. இப்போது அந்த டி-ஷர்ட்டுகளை அலமாரியின் அடித்தட்டில் வைத்துவிட்டேன். முழுக்கைச் சட்டைதான் போடுகிறேன். எனக்கு அதுதான் பிடிக்கிறது, பேனா வைக்கப் பை இருக்கிறது.

ஒன்று சொல்லிவிடுகிறேன். யாருமே எதையும் பார்ப்பதில்லை என்று நான் சொல்ல வரவில்லை. பார்க்கிறார்கள். உடையை வைத்து ஆளை எடைபோடுகிறவர்களும் இருக்கிறார்கள். ‘ஆள் பாதி ஆடை பாதி’ என்ற பழமொழி சும்மா வந்துவிடவில்லை. துக்க வீட்டுக்குப் போகும்போது அதற்கேற்ற உடையில் போவது அங்கே இருப்பவர்களுக்கு நாம் தருகிற மரியாதை. அது உலகத்தோடு ஒட்டி வாழ்வது, அதில் தவறே இல்லை. எப்படி வருகிறார்கள் என்று முன்கூட்டியே ஒருவரிடம் கேட்டுக்கொள்வதிலும் வெட்கம் இல்லை. அடுத்தவருக்காக உடுத்துவது ஒன்று. அடுத்தவருக்குப் பயந்து உடுத்துவது வேறு. எனக்கு எட்டு மாதம் நடந்தது இரண்டாவது. இப்படிப் போகாமலே இருப்பது உனக்கு மாதக்கணக்கில் தொடர்ந்தால் ஓர் உளவியலாளரைப் பார். இதற்கென்றே நல்ல பயிற்சிமுறைகள் அவர்களிடம் இருக்கின்றன. தயங்காதே.

எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்பாய். 1888-இல் லண்டனுக்குப் படிக்கப் போன காந்தி, அங்கிருந்தவர்களைப் போலவே ஆகிவிட வேண்டும் என்று புது உடைகள் தைத்து, தினமும் பத்து நிமிடம் பெரிய கண்ணாடி முன் நின்று டை கட்டினார், தலை சீவினார். நடன வகுப்பில் சேர்ந்தார், வயலின்கூட வாங்கினார். அந்த மோகம் மூன்று மாதம் போல இருந்தது. ஆனால் உடை விஷயத்தில் இருந்த அந்தக் கண்டிப்பு பல வருடம் போகவில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். இடுப்பில் முழத்துண்டு என்று 1921-இல் அவர் முடிவெடுப்பதற்குள் முப்பத்து மூன்று வருடம் ஓடிவிட்டது. நீ உனக்கு ஒரே ஒரு மாலை நேரம்தான் கொடுத்தாய்.

இப்போது நான் உண்மையில் எழுத நினைத்தது.

எட்டாம் வகுப்பில் ஒருநாள் சீருடை வேண்டாம், வண்ண உடையில் வரலாம் என்று சொன்னார்களே, நினைவிருக்கிறதா? அடுத்தவர் முன் போட்டுப் போகிற மாதிரி என்னிடம் ஒரு சட்டையும் இல்லை. சீருடையிலேயே வந்தேன். மைதானம் முழுக்க நிறங்கள். தண்ணீர்த் தொட்டிச் சுவரில் சாய்ந்துகொண்டு, மணி அடிப்பதற்குள் எங்காவது ஓடிவிடலாமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நீ பச்சைக் கட்டம் போட்ட சட்டையில் வந்தாய். என்னைப் பார்த்தாய். ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் உன்னைக் காணோம். முதல் மணி அடித்தபோது, வீடு வரை ஓடித் திரும்பிய வேர்வையோடு, பொத்தான் ஒன்று மாறிப் போட்ட சீருடைச் சட்டையில் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாய். ஆசிரியர் கேட்டதற்கு, “மறந்துட்டேன் சார்” என்றாய். இதைப் பற்றி நாம் ஒருநாளும் பேசியதில்லை. அன்று முழுக்க நான் சாதாரணமாகவே இருந்தேன். விளையாடினேன், மைதானத்தின் நடுவில் நின்று கத்தினேன்.

சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் 1951-இல் வெளியிட்ட சோதனை ஒன்று உண்டு. ஒரு கோட்டைக் காட்டி, அதே நீளமுள்ள கோடு இந்த மூன்றில் எது என்று ஒரு கூட்டத்தைக் கேட்பார்கள். சிறு குழந்தைக்கும் தெரிகிற விடை. ஆனால் ஒருவரைத் தவிர மற்ற எல்லாரும் முன்பே பேசிவைத்துக்கொண்டு ஒரே தவறான விடையைச் சொல்வார்கள். அந்த ஒருவர் என்ன செய்கிறார் என்பதுதான் சோதனை. நான்கில் மூன்று பேர் ஒருமுறையாவது கூட்டத்தோடு சேர்ந்து தவறாகச் சொன்னார்கள். ஆனால் சரியான விடையைச் சொல்ல இன்னும் ஒரே ஒருவர் அங்கே இருந்துவிட்டால், அப்படிப் பணிந்துபோவது கால்பங்காகக் குறைந்துவிட்டது. இன்னொன்றும் செய்து பார்த்தார். அந்தத் துணை ஆள் பாதியில் எழுந்து வெளியே போய்விடுவார். அவர் போன பிறகும் அவர் கொடுத்த பலம் முழுதாகப் போய்விடவில்லை.

அந்த இடத்தைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். நீ எட்டாம் வகுப்புக் கடைசியில் வேறு ஊருக்குப் போய்விட்டாய். ஃபைலைப் பையில் போட்டுவிட்டு நடந்த அந்த முதல் வாரத்தில், பக்கத்தில் பொத்தான் மாறிப் போட்ட ஒருவன் நடந்து வருகிறான் என்று நினைத்துக்கொண்டுதான் நடந்தேன். உடையை யாரும் நினைவில் வைப்பதில்லை என்று இவ்வளவு நேரம் எழுதிவிட்டேன். முப்பத்தெட்டு வருடம் ஆகியும் உன் பச்சைச் சட்டை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நீ அதைக் கழற்றிவிட்டு வந்தாய், அதனால்.

அடுத்த மாதம் இரண்டாவது சனிக்கிழமை மறுபடியும் கூடுகிறார்களாம், எனக்கும் செய்தி வந்தது. நான் வருகிறேன். வெள்ளிக்கிழமை இரவே உன் வீட்டுக்கு வந்துவிடுகிறேன். ஒரே ஒரு சட்டைதான் எடுத்து வருவேன், காலர் ஓரம் கொஞ்சம் நைந்த சாம்பல் நிறச் சட்டை. நீயும் பழசாகத் தெரிந்தது என்று எழுதினாயே, அதையே எடுத்து ஆணியில் மாட்டி வை. மற்ற மூன்றும் அலமாரியிலேயே இருக்கட்டும். சனிக்கிழமை காலையிலேயே இரண்டு பேரும் போட்டுக்கொண்டு எங்காவது கொஞ்ச தூரம் நடந்துவிட்டு வரலாம்.

காய்ச்சல் என்று பொய் சொன்னதை அவர்களிடம் சொல்லிவிட வேண்டுமா என்று கேட்டிருந்தாய். உனக்குத் தோன்றினால் சொல். நான் பக்கத்தில் இருப்பேன்.

அன்புடன்,
உன் நண்பன்