மூன்றாம் ஆண்டில் பூப்பறிக்க ஆள் இருக்குமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆராய்ச்சிக்கு ஒதுக்கும் பணம் போதவில்லை என்று உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். போதவில்லை என்பது உண்மைதான். ஆனால் கிடைக்கிற பணத்தில் எதை ஆராய்வது என்று நாம் தீர்மானிக்கும் விதமும், முடிந்த ஆய்வை மதிப்பிடும் விதமும் எனக்கு அதைவிடப் பெரிய கவலையாக இருக்கின்றன. மதுரையில் கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். ஆய்வுத் திட்டம் எழுதியிருக்கிறேன், மற்றவர்கள் எழுதியதை மதிப்பிடும் குழுக்களிலும் உட்கார்ந்திருக்கிறேன்.

பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் திருமங்கலம் சுற்றுவட்டாரத்தில் மல்லிகைக்குச் சொட்டுநீர்ப் பாசனம் பற்றி மூன்று வருட ப்ராஜெக்ட் ஒன்று நடத்தினேன். எந்தப் பருவத்தில் எவ்வளவு தண்ணீர், கிளைகளை வெட்டிவிடும் கவாத்து முடிந்து எத்தனை நாள் கழித்து உரம், மொட்டின் நீளம் எவ்வளவு என்று எல்லாவற்றையும் அளந்தோம். ஏழு விவசாயிகள் தோட்டம் கொடுத்தார்கள். மூன்றாம் ஆண்டு மாசியில் கடைசி அளவு எடுக்கப் போனால் மூன்று தோட்டங்களில் செடியே இல்லை. ஒன்றில் பிளாட் கல் நட்டிருந்தது. மற்ற இரண்டிலும் விவசாயியே செடியைப் பிடுங்கிப் போட்டிருந்தார். கிணற்றில் தண்ணீர் இருந்தது. பறிக்கத்தான் ஆள் இல்லை.

மல்லிகை மொட்டு விரிவதற்கு முன்னால் விடியற்காலையிலேயே பறித்தாக வேண்டும். இருட்டோடு டார்ச் லைட்டுடன் வந்து பறிக்கும் பெண்கள்தான் இந்தத் தொழிலுக்கு ஆதாரம். அவர்களில் ஓர் அக்கா, ப்ராஜெக்ட் தொடங்கிய முதல் மாதமே எங்கள் ஆய்வு மாணவரிடம் கேட்டிருக்கிறார்: “தண்ணிய விடுங்க தம்பி, எங்களுக்கு அப்புறம் இதைப் பறிக்க யாரு வருவா?” மாணவர் அதைக் கள நோட்டில் எழுதியிருந்தார், ‘இதர’ என்ற தலைப்பில். அந்தப் பக்கத்தின் கீழே என் கையெழுத்து இருக்கிறது.

இறுதி மதிப்பீட்டில் எங்களுக்கு ‘மிக நன்று’ கிடைத்தது. கட்டுரைகள் வெளியாகியிருந்தன, ஒரு முனைவர் பட்டம் முடிந்திருந்தது, பணத்தை எதற்குச் செலவழித்தோம் என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழ் கணக்கு பைசா பிசகாமல் இருந்தது. மதிப்பிட்டவர்கள் நேர்மையானவர்கள். அவர்கள் கையில் இருந்த படிவத்தில் பூப்பறிப்பு பற்றிக் கேள்வி இல்லை, அவ்வளவுதான்.

மல்லிகையை ஒரு முறை நட்டால் பத்துப் பதினைந்து ஆண்டுகள் நிற்கும். அதைப் பற்றிய ஆராய்ச்சியை, நட்ட நாளில் ஊர் எப்படி இருந்ததோ அப்படியேதான் கடைசிவரை இருக்கும் என்று நினைத்துக்கொண்டு நாங்கள் திட்டமிட்டோம். நான் பார்த்த பெரும்பாலான ஆய்வுத் திட்டங்களிலும் இதே குறை இருக்கிறது. இன்றைய விலை, இன்றைய கூலி, இன்றைய மழை ஆகியவற்றை வைத்து ஐந்தாண்டுக்குப் பிறகு வரப்போகும் முடிவை எழுதுகிறோம்.

வருங்காலச் சிந்தனை என்று உலகில் ஒரு துறையே இருக்கிறது. இதைச் சொன்னால் சக பேராசிரியர்கள் சிலர் சோதிடமா என்று கேட்பார்கள். சோதிடர் இதுதான் நடக்கும் என்று ஒன்றைச் சொல்வார். இந்த முறைகள், இதுவும் நடக்கலாம், அதுவும் நடக்கலாம், எது நடந்தால் நீ என்ன செய்வாய் என்று கேட்கும். என் அப்பாவுக்கு மேலூர்ப் பக்கம் பெரியாற்றுப் பாசனத்தில் நிலம் இருந்தது. தண்ணீர் திறக்கும் தேதி யாருக்கும் தெரியாது. அவர் மூன்று விதமாக யோசித்து வைத்திருப்பார். நேரத்துக்குத் திறந்தால் வழக்கமான நெல், தள்ளிப்போனால் குறுகிய கால ரகம், திறக்கவே இல்லையென்றால் கிணற்றடியில் மட்டும் கொஞ்சம் நெல், மீதி நிலத்தில் உளுந்து. தினமும் காலையில் நாளிதழைப் பிரித்ததும் அணைகளின் நீர்மட்டத்தைத்தான் முதலில் பார்ப்பார். வைகை 71 அடியில் எத்தனை அடி வந்திருக்கிறது, பெரியாறு எவ்வளவு என்று பார்த்தபடியே மூன்றில் எந்த வழி என்பதை மெல்ல முடிவு செய்வார். பல எதிர்காலங்களை எழுதி வைத்துக்கொண்டு, எது வருகிறது என்பதற்கான அடையாளத்தைக் கவனித்தபடி இருப்பது என்று இன்று வகுப்பில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான்.

1970-களின் தொடக்கத்தில் ஷெல் எண்ணெய் நிறுவனத்தில் பியர் வாக் என்ற திட்டமிடல் நிபுணரின் குழு இப்படித்தான் பல எதிர்காலக் காட்சிகளை எழுதிப் பார்த்தது. 1973-ல் எண்ணெய் நெருக்கடி வந்தபோது அது அவர்கள் ஏற்கெனவே யோசித்து வைத்திருந்த ஒன்று. ஜப்பான் 1971 முதல் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தன் அறிவியலாளர்களிடம் டெல்ஃபி முறையில் கருத்துக் கேட்டு வருகிறது. பெயர் சொல்லாமல் ஒவ்வொருவரும் கருத்தை எழுதுவார்கள். எல்லோருடைய கருத்தையும் தொகுத்துக் காட்டி மறுபடியும் கேட்பார்கள். பெரியவர் சொன்னதற்குச் சின்னவர் தலையாட்ட வேண்டிய அவசியம் அதில் இல்லை. நம் ஆய்வுக் குழுக் கூட்டங்களைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். இந்தியாவிலும் 1990-களில் அப்துல் கலாம் தலைமையில், வருங்காலத் தொழில்நுட்பத்தைக் கணித்து மதிப்பிடும் டைஃபாக் என்ற அரசு அமைப்பு, 2020-ஐ மனதில் வைத்துப் பெரிய அளவில் இப்படிப்பட்ட முயற்சியைச் செய்தது. தேசத்துக்குச் செய்ததை ஒரு சிறு ஆய்வுத் திட்டத்துக்கு நாம் செய்து பார்ப்பதே இல்லை.

முடிவிலிருந்து பின்னோக்கித் திட்டமிடுவது இன்னொரு வழி. அதற்கு நம் ஊரிலேயே உதாரணம் உண்டு. டாக்டர் வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கியபோது, தடுக்கக்கூடிய பார்வையிழப்பே இருக்கக் கூடாது என்ற முடிவிலிருந்துதான் யோசித்தார். அந்த முடிவை எட்ட வேண்டுமென்றால் கண்புரை அறுவையில் கண்ணுக்குள் பொருத்த இறக்குமதியாகும் விலை உயர்ந்த லென்ஸை நம்பியிருக்க முடியாது. 1992-ல் ஆரோலேப் என்ற தயாரிப்பு நிறுவனத்தைத் தொடங்கி லென்ஸை இங்கேயே தயாரித்தார்கள். இன்று கையில் இருப்பதை வைத்து மட்டும் கணக்குப் போட்டிருந்தால் அந்த யோசனை வந்திருக்காது என்று நினைக்கிறேன்.

எனக்கு மிகவும் பிடித்தது உளவியலாளர் கேரி கிளைன் சொன்ன எளிய பயிற்சி. திட்டம் தொடங்குவதற்கு முன்பே, மூன்று வருடம் முடிந்து அது படுதோல்வி அடைந்துவிட்டது என்று வைத்துக்கொள்ள வேண்டும். குழுவில் ஒவ்வொருவரும் தனித்தனியாக, ஏன் தோற்றது என்று எழுத வேண்டும். ஒரு மணி நேர வேலை. எங்கள் மல்லிகைத் திட்டத்தில் அந்த அக்காவையும், பூ மார்க்கெட் கமிஷன் கடைக்காரர் ஒருவரையும் உட்கார வைத்து இதைச் செய்திருந்தால், முதல் பதிலே பறிக்க ஆள் இல்லை என்றுதான் வந்திருக்கும். தண்ணீரோடு சேர்த்து, ஒரே வாரத்தில் பூ குவியாமல் கவாத்து நாளை மாற்றி மாற்றி வைப்பதையும் ஆராய்ந்திருப்போம். பறிக்கும் வேலை பிரிந்து போயிருக்கும்.

மதிப்பீட்டுக்கு வருகிறேன். நிதி தரும் அமைப்புகளிடம் என் கோரிக்கை பெரியதில்லை. விண்ணப்பத்தோடு கூடுதலாக ஒரு பக்கம் கேளுங்கள். இந்த ஆய்வு எந்தெந்த நம்பிக்கைகளின் மேல் நிற்கிறது, ஒவ்வொன்றும் பொய்த்துப்போகிறது என்பதை எந்த அடையாளத்தால் தெரிந்துகொள்வோம் என்று அதில் எழுதச் சொல்லுங்கள். ஆண்டு ரிவியூவில் செலவுக் கணக்குக்கு முன்னால் அந்தப் பக்கத்தைத் திறங்கள். பாதி வழியில் நிலைமை மாறி, ஆய்வாளர் காரணத்தோடு திசை மாற்றினால் அதற்கு மதிப்பெண் குறைக்காதீர்கள். இன்று அப்படி மாற்ற யாருக்கும் துணிச்சல் வராது. சொன்னதைச் செய்தாயா என்றுதான் கேட்கிறார்கள். அதனால் பிடுங்கிப் போட்ட தோட்டத்துக்கும் நாங்கள் நிறைவு அறிக்கை எழுதினோம். திட்டம் முடிந்து இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்து ஒருமுறை அந்த ஊருக்குத் திரும்பிப் போய்ப் பார்க்கவும் சிறு தொகை ஒதுக்க வேண்டும்.

அடிப்படை அறிவியலை இதற்குள் இழுக்க வேண்டாம். எங்கே போய் முடியும் என்று தெரியாமல் தேடுவதுதான் அதன் இயல்பு. விவசாயி, நோயாளி, நெசவாளி என்று ஒருவர் பெயரைச் சொல்லிப் பணம் கேட்கும் திட்டங்களைப் பற்றித்தான் பேசுகிறேன். இதுவும் இன்னொரு படிவமாகி, இளநிலை ஆய்வாளர் இரவோடு இரவாக நிரப்பும் தாளாகிவிடுமோ என்ற பயம் எனக்கும் உண்டு. அதனால்தான் அந்தப் பக்கத்தை எழுதும்போது வெளியாட்கள் இரண்டு பேராவது, அந்த ஆய்வின் முடிவோடு வாழப்போகிறவர்கள், கூட இருக்க வேண்டும் என்கிறேன்.

சென்ற மாதம் உசிலம்பட்டிப் பக்கத்து ஆய்வு மாணவி ஒருவர் தன் திட்டத்தைக் காட்ட வந்தார். மல்லிகையில் மொட்டுப்புழு பற்றியது. இந்தப் பயிற்சியைச் சொன்னேன். மறு வாரம் நான்கு பூப்பறிக்கும் பெண்களை உட்கார வைத்துக் கேட்டிருக்கிறார். மருந்து அடித்த மறுநாள் காலை செடிக்குள் கை விடுவது தாங்கள்தான், கை அரிக்கிறது, இப்படியே போனால் மூன்று வருடத்தில் யாரும் வரமாட்டோம் என்று சொன்னார்களாம். மருந்து தெளித்து எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்பதையும் இப்போது தன் ஆய்வில் சேர்த்திருக்கிறார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாவரவியல் பேராசிரியர்,
திருமங்கலம், மதுரை மாவட்டம்.