துறைமுகம் இல்லாத ஊரில் நான் இறங்கவில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

சொகுசுக் கப்பல் பயணம் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். எனக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், அதாவது நரம்புகளின் மேலுறையை நம் உடம்பின் எதிர்ப்பு சக்தியே அரித்துவிடும் நோய், வந்து ஒன்பது வருடம் ஆகிறது. போன வருடம் நானும் கணவரும் ஒரு வாரம் கப்பலில் போய்வந்ததால் சொல்லத் தோன்றுகிறது.

எங்களைப் போன்றவர்களுக்குக் கப்பல் நல்ல யோசனைதான். பெட்டியை ஒருமுறை பிரித்தால் போதும், ஊர் நம்மைத் தேடி வரும், களைப்பு வந்தால் (தூங்கினால் போகிற களைப்பு இல்லை இது) பக்கத்திலேயே படுக்கை. ஆனால் வெயில் இருக்கிறதே! உடம்புச் சூடு அரை டிகிரி ஏறினாலே எனக்குக் கண் மங்கும், கால் பின்னும். 1890இல் ஊதோஃப் என்ற ஜெர்மன் கண் மருத்துவர் எழுதிவைத்த விஷயம்தான். சூடு தணிந்ததும் பார்வை திரும்பிவிடும், அதனால் மதியம் மேல்தளம் பக்கமே போகவில்லை.

அப்புறம் ஊசி மருந்து. அதை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். அறையிலிருந்த குட்டி ஃபிரிட்ஜில் வெப்பமானியை வைத்துப் பார்த்தேன், 13 காட்டியது. கப்பல் மருத்துவ அறையில் கொடுத்து வைத்தோம்.

எனக்குக் கோபமே வேறு. சில ஊர்களில் கப்பல் கரையை ஒட்டி நிற்காது, நடுக்கடலில் நங்கூரம் போட்டுச் சிறு படகில் இறக்குவார்கள். சக்கர நாற்காலியை அந்த ஆடும் படகில் ஏற்ற மாட்டோம் என்றார்கள். சரி, பாதுகாப்பு. அதைப் பணம் வாங்கும்போதே முகவர் சொல்லியிருக்கலாமே? நான்கு ஊரில் இரண்டை கம்பிக்குப் பின்னாலிருந்துதான் பார்த்தேன். அடுத்த கட்டுரையில் இதையும் எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி