சரக்கு ட்ரை சைக்கிளுக்கு சைக்கிள் ஆக்ஸில் தாங்காது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய சைக்கிள் இரண்டும் ஒரு வெல்டிங் மிஷினும் இருந்தால் ஒரே நாளில் மூன்று சக்கரச் சரக்கு வண்டி செய்துவிடலாம் என்று தங்கள் நாளிதழில் வந்த குறிப்பைப் படித்தோம். செய்துவிடலாம்தான். எட்டுத் தண்ணீர் கேனை ஏற்றி நாலு வேகத்தடை தாண்டினால் முன் ஆக்ஸில் வளைந்துவிடும். சொந்தமாகச் செய்ய நினைப்பவர்களுக்காக, அதில் விட்டுப்போனதை எழுதுகிறோம்.

சரக்கு ஏற்றும் தட்டும் அதன் இரண்டு சக்கரங்களும் முன்னாலா, பின்னாலா என்பதுதான் முதல் கேள்வி. வட இந்தியாவில் பெரும்பாலும் பின்னால் இருக்கும். சென்னை மீன்பாடி வண்டியில் முன்னால். பின்னால் வைத்தால் ஹேண்டில் லேசாகத் திரும்பும். ஆனால் நீளச் செயின், சுழலும் ஆக்ஸில், அதற்கு பேரிங் என்று எல்லாமே லேத் (கடைசல்) வேலை. இரண்டு சக்கரத்தையும் ஒரே ஆக்ஸிலில் இறுக்கவும் கூடாது. சக்கரங்களுக்கு நடுவே 90 செ.மீ. இருந்தால், தெருமுனையில் செங்குத்தாகத் திரும்பும்போது வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட 1.4 மீட்டர் அதிகம் ஓடியாக வேண்டும். இறுக்கிவிட்டால் டயர் தேயும், சக்கரத்தை ஆக்ஸிலோடு பிணைக்கும் கீ என்ற ஆப்பு அறுந்துபோகும். ஒன்றை இறுக்கி மற்றதைச் சும்மா சுழலவிடுவதே வழக்கம். மிதிக்கும்போது கொஞ்சம் ஒரு பக்கம் இழுக்கும், பழகிவிடும்.

முன்தட்டு வண்டிக்கு சைக்கிளின் பின்பாதியை அப்படியே வைத்துக்கொள்ளலாம். செயின், ஃப்ரீவீல் (பின்சக்கரத்தின் பல்சக்கரம்) எதையும் தொட வேண்டாம். வீட்டில் செய்பவர்களுக்கு இதையே சொல்வோம். இதிலும் தொல்லை உண்டு: சுமையோடு சேர்த்துத் தட்டையே திருப்ப வேண்டும். ஒரு சக்கரம் குழியில் இறங்கினால் 45 செ.மீ. நெம்புகோல் போல ஹேண்டிலைக் கையிலிருந்து பிடுங்கும். அதனால் தட்டும் பின்பாதியும் சேரும் இடத்தில் சைக்கிளின் கிண்ணமும் பால்ரஸும் போதாது. பழைய பைக்கின் தலைக்குழாயை (ஹேண்டில் சுழலும் குழாய்) அதன் பேரிங்கான கோன் செட்டோடு வெட்டியெடுத்துப் பொருத்துங்கள். அது செங்குத்தாக நிற்கட்டும். சாய்ந்தால் திருப்பும்போது தட்டும் சாயும்.

இனி ஆக்ஸில். சைக்கிளின் பின் ஆக்ஸில் 9.5 மி.மீ. தடிமன்தான். இருபுறமும் போர்க் பிடித்திருப்பதால்தான் அது தாங்குகிறது. அதையே ஒரு பக்கம் மட்டும் வெல்டு வைத்து நீட்டிவிட்டால் கதை வேறு. 160 கிலோ சரக்கு, 65 கிலோ ஆள், 45 கிலோ வண்டி என்றால் முன்சக்கரம் ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 100 கிலோ இறங்கும். பிடிமானத்திலிருந்து 6 செ.மீ. தள்ளிச் சக்கரம் இருந்தால், வண்டி அசையாமல் நிற்கும்போதே சாதா ஆக்ஸில் வளையும் நிலைக்கு வந்துவிடும். குழியில் விழுந்தால் இரண்டு மூன்று மடங்கு அடி. கம்பியின் வளைவு வலிமை விட்டத்தின் மும்மடிப் பெருக்கத்தில் கூடும், 20 மி.மீ. கம்பி 9.5 மி.மீ. கம்பியைவிட ஒன்பது மடங்கு தாங்கும். ஆகவே ஒருபுற ஆக்ஸில்தான் வேண்டுமென்றால் 20 மி.மீ. ஈ.என்.8 (நடுத்தரக் கார்பன் எஃகு) கம்பி, சக்கரத்தின் நடுக்குடமான ஹப்புக்கு 20 மி.மீ. துளையுள்ள 6204 பேரிங் இரண்டு. லேத் செலவு வேண்டாமென்றால் சக்கரத்துக்கு வெளியிலும் ஒரு டியூப் ஓட்டி இருபுறமும் பிடித்துவிடுங்கள். வண்டி ஒரு சாண் அகலமாகும். சந்து பொந்தில் நுழைவது சிரமம். ஆனாலும் எங்கள் ஓட்டு இதற்கே.

சக்கரத்துக்கு அடி பக்கவாட்டில்தான் விழுகிறது. சைக்கிள் திரும்பும்போது சாய்ந்துகொள்ளும், மூன்று சக்கர வண்டி சாயாது. முழு விசையும் ரிம்மைப் பக்கத்தில் தள்ளுவதால் வாரம் ஒருமுறை ரிம்மின் கோட்டம் எடுக்க வேண்டிவரும். 32 துளை முன்ரிம்மைத் தவிர்த்து, 40 துளை பின்ரிம்மில் 12 கேஜ் போக்ஸ் கம்பி (ஆரக்கம்பி) போடுங்கள். சாதா கம்பி 14 கேஜ், 2 மி.மீ.; இது 2.6. இதைவிட எளிது, பழைய மொபெட்டின் 16 அங்குலச் சக்கரங்கள். ஹப்பிலேயே டிரம் பிரேக் இருக்கும். எடை கூடும், மிதிக்கச் சற்றுக் கனக்கும். பிரேக்குக்காகப் பொறுத்துக்கொள்ளலாம்.

தட்டு 4 அடி நீளம், 2 அடி அகலம். சக்கரங்கள் வெளிப்புறம் வந்தால் தரையிலிருந்து 45 செ.மீ. உயரத்தில் வைக்கலாம், எட்டு கேன் நிற்கும். அகலத்தை 3 அடியாக்கினால் பன்னிரண்டு கேன், 240 கிலோ. ஆசைப்பட வேண்டாம். ஒரு அங்குல ஸ்கொயர் டியூப், 16 கேஜ் போதும். அதே எடைக்கு எல் ஆங்கிள் மலிவாகக் கிடைக்கும். ஆனால் முறுக்கைத் தாங்குவதில் டியூப் நாற்பது மடங்குக்கு மேல் உறுதி. மூன்று சக்கரமும் மூன்று குழியில் இறங்கும் நம் ஊர்த் தெருவில் முறுக்குதான் ஃபிரேமைத் தின்கிறது. 18 கேஜ் வாங்கினால் ஆர்க் வெல்டிங்கில் ஓட்டை விழும். வெல்டிங்குக்கு 2.5 மி.மீ. ராடு, 60 முதல் 80 ஆம்பியர். முன்சக்கர அச்சுக்கும் பின்சக்கர அச்சுக்கும் இடையே 150 செ.மீ.க்குக் குறையக் கூடாது. குறைந்தால் முழுசாகத் திருப்பும்போது தட்டின் மூலை மிதிக்கிற காலில் இடிக்கும்.

கவிழ்வதைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை உண்டு: காலி வண்டி பத்திரம் என்று. மேலே சொன்ன அளவுகளில் 5 மீட்டர் ஆரத்தில் திரும்பினால், 160 கிலோ சுமையோடு ஏறக்குறைய 16 கி.மீ. வேகம் வரை நிற்கும். சுமையை இறக்கிவிட்டால் ஆளின் எடை ஒற்றைப் பின்சக்கரத்தின் பக்கம் போய்விடும், 11 கி.மீ. வேகத்திலேயே உள்சக்கரம் தூக்கும். சரக்கைப் போட்டுவிட்டு வேகமாகத் திரும்பி வருகிறவர்தான் விழுகிறார்.

28 அங்குலச் சக்கரத்தில் 44 பல் கிராங்க், 18 பல் ஃப்ரீவீல் என்றால் பெடலின் ஒரு சுற்றுக்கு 5.4 மீட்டர் போகும். சுமைக்கு அது அதிகம். 22 பல் ஃப்ரீவீல் போட்டால் 4.4 ஆகும். மேம்பாலத்தில் இதுவும் உதவாது. இறங்கித் தள்ள வேண்டியதுதான்.

இரண்டு முன்பிரேக்கையும் ஹேண்டிலில் உள்ள ஒரே பிரேக் நெம்புகோலில் இழுக்கும்போது நடுவில் ஒரு சமன்கட்டை வைத்து இரண்டு கேபிளையும் அதன் நுனிகளில் கட்டுங்கள். இல்லையேல் பிடிக்கும்போதெல்லாம் வண்டி ஒரு பக்கம் வெட்டும். நெம்புகோலை இழுத்து மாட்ட ஒரு கொக்கியும் வேண்டும், சரிவில் நிறுத்த.

மோட்டார் பொருத்தும் யோசனையை விட்டுவிடுங்கள். பதிவில்லாத மோட்டார் வண்டியாகிவிடக்கூடும் என்பது ஒருபுறம். இந்த அளவுகள் அத்தனையும் மிதிக்கும் வேகத்துக்குப் போட்டவை.

பெயின்டைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளவும். 200 கிலோ மணல் மூட்டை ஏற்றி ஒரு வாரம் மோசமான தெருவில் ஓட்டி, போக்ஸ் கம்பிகளை மறுபடி இறுக்குங்கள். பிறகு வெல்டுகளில் மண்ணெண்ணெய் தடவி, நன்றாகத் துடைத்து, சாக்பீஸ் பொடி பூசிக் கால் மணி நேரம் விடுங்கள். விரிசல் இருந்தால் எண்ணெய் கசிந்து வெள்ளையில் ஒரு கோடு தெரியும். அந்த இடத்தை அரைத்தெடுத்து, ஒரு முக்கோணத் தகடு வைத்து மறுபடி பற்றவைக்க வேண்டும்.

இப்படிக்கு,
சைக்கிள், வெல்டிங் பட்டறைக்காரர்கள் சிலர்,
வட சென்னை