அப்பாவின் மாத்திரை வேளையைத் திருத்திய உங்களுக்கு

டயாலிசிஸ் அறையில் இருக்கும் எல்லோருக்கும் வணக்கம். நேரில் சொல்ல வந்தால் தொண்டை அடைக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

வாரம் மூன்று தடவை, தடவைக்கு நான்கு மணி நேரம் ரத்தத்தைச் சுத்தம் செய்தும் அப்பாவுக்குப் பாஸ்பரஸ் 7க்குக் கீழே இறங்கவே இல்லை. 2.5 முதல் 4.5 வரைதான் சரியான அளவு. அரிப்பு தாங்காமல் ராத்திரி முழுக்க முதுகைச் சொறிந்தபடி உட்கார்ந்திருப்பார்.

டெக்னீஷியன் அண்ணா, அன்றைக்கு ஊசியைக் குத்திவிட்டு, பிளாஸ்திரியை விரலில் ஒட்டிக்கொண்டே "பாஸ்பரஸ் மாத்திரையை எப்போ போடுறீங்க ஐயா?" என்று கேட்டீர்களே, அதுவரை யாரும் எங்களைக் கேட்காத கேள்வி அது. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து என்றார் அப்பா. அந்த மாத்திரை சாப்பாட்டோடு கலந்து அதிலிருக்கும் பாஸ்பரஸைப் பிடித்து மலத்தோடு வெளியே கொண்டுபோகிறது, சாப்பாடு இறங்கிய பிறகு போட்டால் அதற்குப் பிடிக்க என்ன இருக்கும் என்று நீங்கள் நின்று விளக்கினீர்கள். முதலில் எழுதிக்கொடுத்த இடத்தில் இதை ஒரு வரி சொல்லியிருக்கலாம். எத்தனை மாதம் வீணாய்ப் போனது!

டாக்டர் அம்மா, கை எக்ஸ்ரேவை வெளிச்சத்தில் பிடித்து, எலும்புக்குப் பக்கத்தில் ஓடிய மெல்லிய வெள்ளைக் கோடுகளைக் காட்டினீர்கள். நானும் அதை எலும்பு என்றுதான் நினைத்தேன். ரத்தக்குழாய்! பாஸ்பரஸ் ஏறியே கிடந்தால் குழாய்ச் சுவரின் தசைச் செல்களே எலும்புச் செல் மாதிரி மாறி கால்சியத்தைப் படியவிடும், குழாய் விறைத்துப்போய் இதயத்துக்குச் சுமை கூடும் என்றீர்கள். படிந்ததைக் கரைப்பது கடினம், மேலும் படியாமல் பார்க்கலாம் என்று மறைக்காமல் சொன்னதற்கும், கால்சியம் இல்லாத மாத்திரைக்கு மாற்றியதற்கும் நன்றி.

டயட்டீஷியன் மேடம், பாக்கெட் உணவில் சேர்க்கிற பாஸ்பேட் உப்பு அநேகமாக முழுவதும் உடம்பில் ஏறிவிடும், பருப்பு வகைகளில் இயற்கையாக இருப்பது அந்த அளவுக்கு ஏறாது என்று நீங்கள் சொன்னபிறகுதான் அப்பா பயமில்லாமல் பருப்பைத் தொட்டார். இப்போது லேபிளில் 'பாஸ்பேட்' என்ற சொல்லைத் தேடாமல் நான் எதையும் வாங்குவதில்லை.

அப்புறம், பக்கத்துப் படுக்கை அக்கா. தட்டுக்குப் பக்கத்திலேயே வைக்கச் சொல்லி ஒரு குட்டி டப்பா கொடுத்தீர்கள். போன மாத ரிப்போர்ட்டில் 5.1. இன்று மதியம் சோற்றில் கை வைக்கும் முன்னால் அப்பாவே "டப்பா எங்கேம்மா?" என்று கேட்டார்.